கேமராவைத் திருப்பி அனுப்புவது சார்பாக

அடி அண்ணாமலை,
மாசி மாதம், செவ்வாய்க்கிழமை காலை.

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை பிரசாத் அவர்களுக்கு,

உங்கள் மாமனார் அருணகிரி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை சந்திரகலாவும், ஆக இரண்டு பேர், நலம். இரண்டு பேர் என்று எழுதலாமா என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் வந்திருக்கிறது, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பெங்களூரில் நீங்கள் நலமா, வினோதினிக்குக் கால் வீக்கம் வடிந்ததா, வேளைக்குச் சாப்பிடுகிறாளா என்று அறிய ஆவல். கையில் போனை வைத்துக்கொண்டு எந்த மாமனாராவது மாப்பிள்ளைக்குத் தபால் எழுதுவானா, அதுவும் வீட்டு விலாசத்தை விட்டுவிட்டு ஆபீஸ் விலாசத்துக்கு ஸ்பீட் போஸ்ட் அனுப்புவானா என்று நீங்கள் திகைக்கலாம். நான் போன் செய்தால் நீங்கள் உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். வாட்ஸப்பில் எழுதினால் உங்களுக்கு முன்னால் வினோதினி படித்துவிடுகிறாள். இது அவள் காதுக்குப் போகவே கூடாத விஷயம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: பங்குனியில் வளைகாப்புக்கு அவள் இந்த வாசப்படியை மிதிப்பதற்கு முன்னால் அந்தக் கேமரா இந்த வீட்டைவிட்டுப் போயாகவேண்டும். ஆர்டர் உங்கள் பெயரில் இருப்பதால் திருப்பி அனுப்புவதற்கான ஓடிபி உங்கள் போனுக்குத்தான் வருமாம், கெடு இந்த வாரத்தோடு முடிகிறதாம். ஆகவே தாங்கள்தான் தயவு செய்யவேண்டும்.

உங்களைக் குற்றம் சொல்வதாக நினைக்கவேண்டாம். மாப்பிள்ளையைக் குற்றம் சொல்லும் பழக்கம் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. ஆனாலும் "வளைகாப்புக்கு நீங்களே போட்டோ எடுங்க மாமா, கேமரா நான் வாங்கித் தர்றேன்" என்று சொன்னது யார்? நீங்கள். "மொதல்ல அங்க ஒரு கடையில போயி கையில புடிச்சிப் பாத்துட்டு மாடல் பேரை மட்டும் அனுப்புங்க, ஆன்லைன்ல கம்மியா வரும்" என்று சொன்னது யார்? அதுவும் நீங்கள்தான். நான் ஊராட்சி ஒன்றிய ஆபீசில் குப்பை கொட்டி ரிட்டயர் ஆனவன், மேலிடம் சொன்னால் செய்துதான் பழக்கம். திருவூடல் தெருவில் கண்ணாயிரத்தின் கேமரா கடைக்குப் போனேன். மனிதர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்து, ஒவ்வொரு கேமராவாகக் கையில் கொடுத்து, எந்தப் பட்டனை அமுக்கினால் என்ன ஆகும் என்று குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி சொல்லிக்கொடுத்தார். ரமணாசிரமம் பக்கம் தங்கியிருக்கும் ஒரு வெள்ளைக்காரர் லென்ஸுக்கு மூடி கேட்டு வந்து நின்றார், அவரைக்கூட "வெயிட், வெயிட், பெரியவர் ஃபர்ஸ்ட்" என்று நிறுத்தி வைத்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "வீட்ல கலந்துகிட்டு வர்றேங்க" என்று சொல்லி வெளியே வந்து, அவர் கடைப் படிக்கட்டிலேயே நின்று உங்களுக்கு மாடல் பெயரை அனுப்பினேன். கூச்சத்தில் உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது எனக்கு.

நீங்கள் ஆர்டர் போட்ட நேரம், பார்சல் பௌர்ணமி அன்றைக்கு வந்து சேர்ந்தது. சேர்ந்தது என்றா சொன்னேன், எங்கே சேர்ந்தது? கிரிவலப் பாதையில் வண்டி எதையும் போலீஸ் விடவில்லை. டெலிவரிக்காரர் வேணு என்பவர் நல்ல பொறுப்பான ஆள், வண்டியை டவுனிலேயே போட்டுவிட்டு, செருப்பையும் அங்கேயே கழற்றி வைத்துவிட்டு, பார்சலைத் தோளில் வைத்துக்கொண்டு ஜனத்தோடு ஜனமாக நடந்தே வந்திருக்கிறார். கூட்டம் தள்ளிய தள்ளில் நம் தெரு முனையை விட்டுவிட்டார். போன் செய்தார். "சார், உங்க தெருவைத் தாண்டி வந்துட்டேன் போலக்கீது." நான் சொன்னேன்: "பரவால்லப்பா, திரும்பி நாலு எட்டு வா, நான் முனையிலதான் நிக்கறேன்."  அவரோ, "எதிர்ப்பக்கமா எப்படி சார் நடக்கறது? கிரிவலம் ஆச்சே, சாமி குத்தம் ஆயிடும். நீங்க வீட்டுக்குப் போங்க, நான் சுத்தி வர்றேன்" என்று வைத்துவிட்டார். சுத்தி வருகிறேன் என்றால் மலையை! மறுநாள் காலை காபி நேரத்துக்கு வந்தார், கால் இரண்டும் வீங்கி, நெற்றி நிறைய விபூதியோடு. "உங்க பார்சல் புண்ணியத்துல ரெண்டு சுத்து ஆச்சு சார்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். கோபப்பட முடியுமா, சொல்லுங்கள்.

பார்சலைப் பிரித்தோம். கேமரா அழகாகத்தான் இருந்தது, உங்கள் தேர்வைக் குறை சொல்லமுடியாது. அத்தை சோபாவில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணாயிரம் சொல்லிக்கொடுத்த மாதிரியே ஆன் செய்து அவள் பக்கம் திருப்பினேன். இந்தக் கேமரா மனித முகம் எங்கே இருந்தாலும் கண்டுபிடித்து அதைச் சுற்றி ஒரு மஞ்சள் கட்டம் போடும், உங்களுக்குத் தெரிந்ததுதான். அத்தை முகத்துக்கு ஒரு கட்டம் போட்டது. அவளுக்குப் பக்கத்தில், சோபாக் கைப்பிடியை ஒட்டினாற்போல, கீழே இன்னொரு கட்டம் போட்டது. சின்னக் கட்டம். தரையிலிருந்து பார்த்தால் நம் கேஸ் சிலிண்டரைவிட ஒரு சாண் உயரத்தில் இருக்கும். அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை மாப்பிள்ளை, மொச்சைத் தோல்தான் கிடந்தது. பின்னால் காலண்டரில் இருக்கும் சாமி முகமாக இருக்கும் என்று காலண்டரைக் கழற்றினேன். டிவியின் மேல் போர்வையைப் போட்டேன். கண்ணாடி, உங்கள் கல்யாண போட்டோ, பவுடர் டப்பா என்று முகம் இருக்கும் எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். வீடு காலி செய்கிற வீடு மாதிரி ஆனதுதான் மிச்சம், கட்டம் அங்கேயேதான் இருந்தது. அத்தை எழுந்து சமையலறைக்குப் போனாள். கட்டமும் அவள் கூடவே ஆடி ஆடி சமையலறைக்குப் போயிற்று.

இதோடு போயிருந்தால்கூட மெஷின் கோளாறு என்று விட்டிருப்பேன். இதில் இன்னொரு வசதி இருக்கிறது பாருங்கள், எதிரில் இருப்பவர் சிரித்தால் கேமரா தானாகவே படம் எடுத்துக்கொள்ளும். வளைகாப்பில் சிரிப்பதற்குப் பஞ்சமிருக்காதே என்று அதைப் போட்டு, டிவி மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினேன். கால்மிதியில் வழுக்கித் தடாலென்று மல்லாக்க விழுந்தேன். "க்ளிக்" என்றது. அத்தை அப்போது வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள், வீட்டுக்குள் நான் ஒருத்தன்தான், நான் நிச்சயமாகச் சிரிக்கவில்லை. அந்தப் படத்தை யாரும் பார்க்காதபடி உடனே அழித்துவிட்டேன், வேட்டி இருந்த நிலைமை அப்படி. அன்றிலிருந்து இதே கதைதான். நான் பேப்பர் படித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் அது வாயே திறப்பதில்லை. தும்மினால் க்ளிக். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடினால் க்ளிக், க்ளிக். கேஸ்காரரிடம் சத்தம் போட்டேன், அவர் போவதற்குள் ஒரு ஆல்பத்துக்கு ஆகும் அளவுக்கு எடுத்துத் தள்ளிவிட்டது. எல்லாப் படத்திலும் நான்தான் கோமாளி. பௌர்ணமிக்கு சித்தர்கள் அரூபமாக மலையைச் சுற்றுவார்கள் என்பார்களே, பார்சல் பின்னாலேயே ஒருவர் வந்துவிட்டாரோ என்றுகூட யோசித்தேன். இவ்வளவு குள்ளமாக ஒரு சித்தரா? அதுவும் நான் விழுந்தால் சிரிக்கிற சித்தரா? 

கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். பாட்டெல்லாம் போட்டு முடித்தபிறகு ஒரு பெண் வந்தாள், தங்கமான குரல். "சிரமத்துக்கு வருந்துறோம் சார். முகத்தைக் கண்டுபிடிக்கிற வசதி வேலை செய்யலீங்களா சார்?" "செய்யுதும்மா. ஜாஸ்தியா செய்யுது." "ஏதாவது பாகம் கம்மியா இருக்குங்களா சார்?" "கம்மி இல்லம்மா, ஒரு ஆளு கூட இருக்கு." "புரியல சார், கூட என்ன பொருள் வந்திருக்கு?" "பொருள் இல்லம்மா, ஆளு!" என்று கத்திவிட்டேன். மேஜையில் இருந்து க்ளிக், க்ளிக், க்ளிக் என்று அது ஒரு பக்கம். "பின்னாடி குழந்தை விளையாடுதுங்களா சார்? சத்தம் கேக்குது, கொஞ்சம் தள்ளி வந்து பேசுறீங்களா" என்றாள். என் வீட்டில் குழந்தையே கிடையாது அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. க்ளிக் சத்தத்தைத்தான் அப்படிச் சொல்லியிருப்பாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அவள்தான் உங்கள் ஓடிபி விஷயத்தைச் சொன்னது.

வேறு வழியில்லாமல் மானத்தை விட்டு கண்ணாயிரத்திடமே போனேன், அத்தையும் கூட வந்தாள். "வாங்க சார் வாங்க. வீட்ல நல்லா கலந்துகிட்டீங்களா?" என்றார். அந்த வேணு இவர் கடைக்கும் பார்சல் போடுகிறவராம், எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் தலையைக் குனிந்துகொண்டு கேமராவை மேஜைமேல் வைத்தேன். "இன்னா சார் நீங்க, இதை மலைக்குக் காட்டுனீங்களா?" என்றார். அவர் கடையில் ஒரு வழக்கம், எந்தக் கேமரா விற்றாலும் பெட்டியோடு தூக்கிக் கொடுக்கமாட்டார். சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, வாசலில் போய் நின்று முதல் படமாக மலையை எடுத்துவிட்டுத்தான் கொடுப்பார். "மலைக்குக் காட்டாத கேமரா கண்டதையும் காட்டும் சார். கோடவுன்ல எங்க கெடந்துச்சோ, யாரு பக்கத்துல கெடந்துச்சோ." அத்தைக்குப் பொறுக்கவில்லை. "மலையையே ரெண்டு சுத்து சுத்திட்டு வந்திருக்குங்க, இன்னும் இன்னாத்தக் காட்டறது?" என்றாள். இருந்தாலும் கண்ணாயிரம் பெரிய மனசு பண்ணி, கற்பூரம் ஏற்றி, வாசலில் போய் மலையை ஒரு படம் எடுத்தார். பிறகு திரும்பி, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அத்தைக்கு நேராகப் பிடித்தார். ஸ்கிரீனில் விழுந்த கட்டங்களை மட்டும் பார்த்துக்கொண்டு, எத்தனையோ வருஷம் போட்டோ எடுத்த பழக்கத்தில், தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "அம்மா, பாப்பாவைக் கொஞ்சம் முன்னாடி நிக்கச் சொல்லுங்க, உங்க பொடவை மறைக்குது."

 அவர் நிமிர்ந்து ஸ்டூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஸ்கிரீனைப் பார்த்தார். அப்புறம் கேமராவைச் சுடுபாத்திரத்தை இறக்குவதுபோல மேஜைமேல் இறக்கி வைத்தார். "இதை அனுப்பிடுங்க சார்" என்றார். குரலே வேறாக இருந்தது. வழக்கமாக ஒன்பது மணிக்குச் சாத்தும் கடையை அப்போதே சாத்த ஆரம்பித்துவிட்டார். ஆட்டோவில் வரும்போது அத்தை என்னைத் திட்டவே இல்லை, அதுதான் எனக்குப் பெரிய பயம். சீட்டின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டு, எங்கள் இருவருக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டிருந்தாள். நான் அதைப் பார்க்காத மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மாப்பிள்ளை, நான் பயந்தாங்கொள்ளி என்று நினைத்தாலும் பரவாயில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் எட்டாம் மாதத்தில் பிறந்து கண் திறக்காமலே போன உங்கள் பெண் குழந்தையைப் பற்றி நம் இரண்டு வீட்டிலும் யாரும் பேசுவதில்லை, நானும் பேசமாட்டேன். ஆனால் அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற நிற்பு எனக்கு இன்னும் போகவில்லை. இந்த முறை எல்லாம் நல்லபடியாக முடிகிறவரை என் பெண் பக்கத்தில் ஒரு கெட்ட காற்றுகூட வீசக்கூடாது. பொங்கலுக்கு இங்கே வந்துவிட்டுப் போனதிலிருந்து அவள் காரணம் சொல்லாமல் அழுகிறாள் என்று நீங்களே சொன்னீர்கள். அந்த நிலைமையில் இருக்கிற பெண்ணுக்கு எதிரே இந்தக் கேமராவை நான் பிடித்து, அவள் பக்கத்தில் அந்தக் கட்டம் வந்து நின்றால் அவள் தாங்குவாளா? யாரோ எங்கேயோ அடைத்து அனுப்பிய பெட்டி, அதோடு எது வந்ததோ, அது வந்த வழியே போகட்டும். காரணம் எழுதும் இடத்தில் "பிடிக்கவில்லை" என்று மட்டும் போடுங்கள். வளைகாப்புக்கு கண்ணாயிரத்தையே வந்து எடுக்கச் சொல்லிவிடலாம்.

அண்ணாமலையார் உங்கள் இருவரையும், வரப்போகும் சின்ன உயிரையும் கண்ணிமை போலக் காக்கட்டும். உங்கள் அப்பா அம்மாவுக்கு எங்கள் வணக்கம். வினோதினியிடம் இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடவேண்டாம்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும் மாமனார்,
அருணகிரி.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் தள்ளிவிடுங்கள் மாப்பிள்ளை. கேமராவைத் திருப்பி அனுப்பவேண்டாம். உறையை ஒட்டப்போகிற நேரத்தில் கண்ணாயிரம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார், கழுத்தில் அவருடைய கடைக் கேமரா. ராத்திரி தூக்கம் வரவில்லையாம். "பொருளைத் தப்பா பேசிட்டேனோன்னு ஒரு உறுத்தல் சார், ஒருவாட்டி என்னுதுல பாத்துடறேன்" என்றார். அவருடைய கேமரா மலையைப் பார்த்தது, கற்பூரம் கண்டது, கடையில் பூஜை போட்டது. அத்தை பக்கம் திருப்பினார். அதிலும் அதே இடத்தில் அதே சின்னக் கட்டம். "என் கடையில வாங்கியிருந்தாலும் இதேதான் சார் வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக்கூட மாட்டாமல் போய்விட்டார். ஆன்லைன்காரன் மேல் ஒரு தப்பும் இல்லை, உங்கள் மேலும் இல்லை.

 அத்தை என்னை ஒரு வார்த்தை கேட்காமல் போனை எடுத்து வினோதினியைக் கூப்பிட்டாள். நான் தடுப்பதற்குள் சொல்லிவிட்டாள். வினோதினி பயப்படவில்லை மாப்பிள்ளை. ஓவென்று அழுதாள். "அங்கதான் இருக்காளாம்மா? பொங்கலுக்கு வந்துட்டுத் திரும்பினதுல இருந்து என் போன்ல கட்டமே வரல. நான்தான் வழியில எங்கயோ விட்டுட்டேன்னு நெனச்சேன்" என்றாள். அவள் போன் கேமராவில் இந்தச் சின்னக் கட்டம் ரொம்ப நாளாகவே வந்துகொண்டிருந்ததாம், உங்களுக்குத் தெரிந்தால் பயப்படுவீர்கள் என்று உங்களிடம் சொல்லவில்லையாம். பொங்கல் முடிந்து நீங்கள் இருவரும் கிளம்பியபோது பாப்பா காரில் ஏறாமல் பாட்டி வீட்டிலேயே தங்கிவிட்டாள் போலிருக்கிறது என்று உங்கள் அத்தை சொல்லிக்கொண்டே சிரிக்கிறாள். எத்தனை நாள் கழித்துச் சிரிக்கிறாள். நானும் அழுதேன், எழுத வெட்கமாக இல்லை.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பாப்பாவின் முகத்தைப் பார்த்தது நம் குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தான், வினோதினி மயக்கத்தில் இருந்தாள், எங்களை நீங்கள் பார்க்கவிடவில்லை. கேமரா எங்களுக்குக் கட்டத்தைத்தான் காட்டுகிறது. வளைகாப்புக்கு வரும்போது அவள் யார் ஜாடை என்று அத்தைக்கு நீங்கள்தான் சொல்லவேண்டும். வளையல் எல்லாம் இங்கேயே வாங்கியாகிவிட்டது, ஒரு ஜோடி மட்டும் அப்பா கையால் வரவேண்டும் என்கிறாள் அத்தை. கடைக்கு நேரில் போய், இருப்பதிலேயே சின்ன அளவாகப் பார்த்து, மூணு வயசுக் கைக்குக் கேட்டு வாங்குங்கள். யாருக்கு என்று கடைக்காரர் கேட்டால், பெரிய பெண்ணுக்கு என்று சொல்லுங்கள்.